அத்தியாயம் 7: சிறை சென்று வந்தவர் வெடி உரிமம் கேட்கலாமா?

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்ததும் டெல்டாவில் வெடிச் சத்தம் தொடங்கிவிடும். மாசியிலிருந்து வைகாசி வரை ஏதாவது ஓர் ஊரில் காப்புக் கட்டு, தேர், தீமிதி என்று நடந்துகொண்டே இருக்கும். சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு, தேர் நிலைக்கு வந்தால் வாணவேடிக்கை, வயதானவர் இறுதி ஊர்வலத்துக்கு நாட்டு வெடி, ஐப்பசியில் தீபாவளிக் கடை. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமும் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கமும் இதையே தலைமுறைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களில் யாருக்காவது அடிதடி வழக்கிலோ மணல் வழக்கிலோ தண்டனை விழுந்துவிட்டால், “ஒரு தடவை உள்ளே போய்ட்டா ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது” என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அந்தப் பேச்சை நம்பி மச்சான் பேரிலோ மனைவி பேரிலோ உரிமம் வாங்கிவிட்டு, தொழிலை மட்டும் தாங்களே நடத்துகிறார்கள். அந்தப் பேச்சு தவறு. அதை நம்பி எடுக்கும் வழி அதைவிடப் பெரிய தவறு. வெடிபொருள் சட்டம் தண்டனை பெற்றவருக்குக் கதவை நிரந்தரமாகச் சாத்தவில்லை. இன்ன குற்றம், இவ்வளவு தண்டனை, இத்தனை ஆண்டு என்று அளந்துதான் தடை போட்டிருக்கிறது. அந்த அளவைத் தெரிந்துகொண்டு, பழையதை மறைக்காமல், நாள் கணக்குப் பார்த்துத் தன் பேரிலேயே விண்ணப்பிப்பதுதான் சரியான வழி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் எந்தச் சட்டம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உரிமம் பற்றியது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டு விதிகளும். குண்டு வைப்பது, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரும்படி வெடிக்கச் செய்வது, சந்தேகத்துக்கு இடமான முறையில் வெடிபொருள் வைத்திருப்பது ஆகியவற்றுக்கு 1908-ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் தண்டனை ஆயுள் சிறை வரை, சில வகைக்கு அதற்கு மேலும் போகும். ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். காவல் நிலையத்தில் “வெடிமருந்து கேஸ்” என்று சொன்னால் எந்த ஆண்டுச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் கொடுப்பவர் யார் என்பதும் அளவைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத அளவில் பட்டாசோ கரிமருந்தோ செய்வதற்கான உரிமத்தை மாவட்ட நிர்வாகமே தருகிறது. டெல்டாவின் நாட்டு வெடிக் கொட்டகைகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. தீபாவளித் தற்காலிகக் கடை உரிமமும் ஆட்சியர் அலுவலகத்தில்தான். அதற்கு மேற்பட்ட அளவு என்றால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம், ‘பெசோ’ என்று தொழிலில் சொல்கிறார்களே அங்கே, போக வேண்டும். எங்கே போனாலும் ஆளைப் பற்றிய தகுதி விதி ஒன்றுதான்.

அந்த விதி 1884 சட்டத்தின் 6ஏ பிரிவில் இருக்கிறது. 1884-இல் இந்தப் பிரிவு கிடையாது; 1978-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தில் சேர்ந்தது. நான்கு வகையினர் வெடிபொருளைத் தயாரிக்கவோ விற்கவோ ஏற்றிச் செல்லவோ இறக்குமதி, ஏற்றுமதி செய்யவோ கூடாது என்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர் முதல் வகை. வன்முறையோ ஒழுக்கக்கேடோ அடங்கிய குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் இரண்டாம் வகை. அவருக்குத் தடை தண்டனை முடிந்த பிறகு ஐந்து ஆண்டு. அமைதி காப்பதற்காகவோ நன்னடத்தைக்காகவோ பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி ஆணையிடப்பட்டவர் மூன்றாம் வகை. பத்திரம் நடப்பில் உள்ள காலம் வரை. இந்தச் சட்டத்தையோ விதிகளையோ மீறியதற்காக முன்பு பெற்ற உரிமம் ரத்தானவர் நான்காம் வகை. ரத்தான நாளிலிருந்து ஐந்து ஆண்டு. இவ்வளவுதான் பட்டியல்.

இரண்டாம் வகையின் சொற்களை நெல்லில் பதர் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். “தண்டனை பெற்றவர்” என்கிறது சட்டம். வழக்குப் பதிவானவர், கைதானவர், குற்றப்பத்திரிகை தாக்கலானவர் என்று சொல்லவில்லை. முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதனால் மட்டும் 6ஏ தடை வராது. விடுதலையானவருக்கும் வராது. அடுத்தது “வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு”. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காக எழுந்த கைகலப்பில் கலவரப் பிரிவிலோ கொடுங்காயப் பிரிவிலோ தண்டனை வந்தால் அது வன்முறை என்பதில் பேச்சுக்கு இடமில்லை. ஒழுக்கக்கேடு என்பதற்குச் சட்டத்தில் இலக்கணம் இல்லை. திருட்டு, மோசடி, பொய்ப் பத்திரம் ஆகியவற்றை நீதிமன்றங்கள் வழக்கமாக அதில் சேர்த்துவிடும். கொள்ளிடத்திலோ வெண்ணாற்றிலோ மணல் அள்ளியதைத் திருட்டுப் பிரிவில் போட்டுச் சிறைத்தண்டனை வாங்கித் தந்திருந்தால் அதுவும் உள்ளே வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாச் சில்லறைக் குற்றமும் ஒழுக்கக்கேடு ஆகாது. பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாக 20 ரூபாய் அபராதம் கட்டிய ஹரியானா ஊழியர் ஒருவரின் வேலை பறிபோன வழக்கில், அந்தப் பிரிவில் தண்டனை பெற்றதாலேயே ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு அரசு வேலை பற்றியது. சொல் ஒன்றே என்பதால் இங்கேயும் எடுத்துக்காட்டலாம்.

பிறகு “ஆறு மாதத்துக்குக் குறையாத”. சரியாக ஆறு மாதம் என்றாலும் தடை உண்டு. ஐந்து மாதம் என்றால் இல்லை. அபராதம் மட்டும் என்றால் இல்லை. “கோர்ட் கலையும் வரை” உட்கார வைத்த தண்டனைக்கும் இல்லை. தீர்ப்பில் அபராதத்தோடு சேர்த்து “கட்டத் தவறினால் இன்னும் மூன்று மாதம்” என்று ஒரு வரி இருக்கும். அது தண்டனையின் பகுதி அல்ல, அபராதம் கட்டாததற்கான விளைவு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே நான்கு மாதச் சிறையையும் அந்த மூன்று மாதத்தையும் கூட்டி ஏழு என்று அதிகாரி எழுதினால் மறுத்துப் பேச இடம் இருக்கிறது. அபராதம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் அந்தப் பேச்சே எழாது. துப்பாக்கி உரிமத்துக்கான ஆயுதச் சட்டத்திலும் முன்பு இதே வாசகம் இருந்தது. ஆனால் அங்கே ஆறு மாதம் என்ற வரம்பை எடுத்துவிட்டு எவ்வளவு குறைந்த சிறையானாலும் தடை என்று மாற்றிவிட்டார்கள். வெடிபொருள் சட்டத்தில் வரம்பு அப்படியே நிற்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, துப்பாக்கி உரிமத்துக்குச் சொன்ன பதிலையே வெடி உரிமத்துக்கும் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

கடைசிச் சொல்லான “தண்டனை முடிந்த பிறகு ஐந்து ஆண்டு” என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அல்லது ஜாமீனில் வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது தண்டனை முடிந்த நாளிலிருந்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 ஜூன் 10 அன்று ஒருவருக்கு ஓராண்டு சிறை. தீர்ப்புக்கு முன்பே விசாரணைக் கைதியாக 60 நாள் இருந்திருக்கிறார். அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468. கழித்தால் தண்டனை 2020 ஏப்ரல் 10-இல் முடிகிறது. ஐந்து ஆண்டு 2025 ஏப்ரல் 10-இல் நிறைகிறது. 2024 தீபாவளிக் கடைக்கு அவர் கேட்க முடியாது; 2025 தீபாவளிக்குக் கேட்கலாம். இதே ஆள் சிறைக்குப் போன இரண்டாம் மாதமே மேல்முறையீடு செய்து தண்டனையை நிறுத்திவைத்து வெளியே வந்து, 2023-இல் மேல்முறையீடு தள்ளுபடியாகி மீதியை அனுபவித்திருந்தால், வெளியே இருந்த அந்த மூன்று சொச்சம் ஆண்டு கணக்கில் வராது. தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. முன்னது கிடைத்தவர் தண்டனை பெற்றவராகவே இருக்கிறார். நன்னடத்தைக்காகச் சிறை நிர்வாகம் நாள் குறைத்து முன்கூட்டி விட்டிருந்தால் எந்த நாளை எடுப்பது என்ற கேள்வி வரும். தகராறு வேண்டாம் என்றால் முழுத் தண்டனை முடியும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரம் பொறுப்பதால் ஒன்றும் குடி முழுகாது.

தண்டனை இருந்தும் தடை ஒட்டாத இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முதல் தடவை தப்புச் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்டித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டோ நீதிமன்றம் விட்டிருந்தால், அந்தத் தீர்ப்பால் வரக்கூடிய எந்தத் தகுதியிழப்பும் அவருக்கு வராது என்று அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாவது, சிறுவனாக இருந்தபோது இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கு. 2015 சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதேபோன்ற காப்பைத் தருகிறது. பதினாறு வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் அது இல்லை. தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமலேயே தனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

சிறையையே பார்க்காத ஒருவரை மடக்கக்கூடியது மூன்றாம் வகை. டெல்டாவில் இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. வாய்க்கால் தண்ணீர், வரப்பு, கோயில் சாவி, ஊர்வலப் பாதை என்று எது தொடங்கினாலும் இரு தரப்பு மீதும் “நூத்தி ஏழு” போட்டுவிடுவது பழகிப்போன வழக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, இப்போது சன்ஹிதாவின் 126. கோட்டாட்சியர் முன் போய், “இத்தனை மாதம் அமைதியாக இருப்பேன்” என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அதோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பத்திரம் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் வெடி உரிமத்துக்குத் தடை நாள். 126-இன் கீழ் அது ஓராண்டுக்கு மேல் போகாது. பழைய 110-ஆன இப்போதைய 129-இன் நன்னடத்தைப் பத்திரம் மூன்று ஆண்டு வரை போகலாம். நோட்டீஸ் வந்ததனால் மட்டும் தடை இல்லை. பத்திரம் எழுதும்படி ஆணை வந்திருக்க வேண்டும். ஆகவே வெடித் தொழிலில் இருப்பவர்கள் சமாதானக் கூட்டத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. என்ன பத்திரம், எத்தனை நாள், எந்தப் பிரிவில் ஆணை என்று கேட்டு, நகல் வாங்கிக்கொண்டு போட வேண்டும். ஊர்ச் சண்டையில் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத ஒருவர் ஒரு கையெழுத்தால் திருவிழாப் பருவம் முழுவதையும் இழப்பது நியாயமா என்றால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நான்காம் வகைக்கு வந்தால் சட்டத்தின் மனம் தெரிகிறது. அடிதடியில் அபராதத்தோடு தப்பியவருக்குத் தடை இல்லை. ஆனால் 15 கிலோ உரிமத்தில் அதைவிட அதிகமாக மருந்து இறக்கி, அதனால் உரிமம் ரத்தானவருக்கு, ஒரு நாள்கூடச் சிறை பார்க்காவிட்டாலும், ஐந்து ஆண்டுத் தடை. மருந்தைக் கையாளும்போது விதியை மதிப்பாரா என்பதற்கு மருந்தைக் கையாண்ட விதத்தைவிட நல்ல சாட்சி இல்லை என்று சட்டம் கருதுவதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். எதற்கு இவ்வளவு தாட்சண்யம்? ஒருமுறை கத்தி எடுத்தவன் கையில் கரிமருந்தைக் கொடுக்கலாமா? இந்தப் பகுதி மக்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருக்கிறது. 2023 அக்டோபர் 4 அன்று தரங்கம்பாடி அருகே தில்லையாடியில் வெடிக் கொட்டகை வெடித்து நால்வர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து, கொள்ளிடத்துக்கு வடகரையில் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்கள் ஒன்பது பேருக்குக் குறையாது. 2025 மே மாதத்தில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே நெய்வேலி தென்பாதியில் இருவர் இறந்தார்கள். ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று 2008 விதிகளையே கேட்டுப் பாருங்கள். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவே எத்தனை மீட்டர், ஒரே அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எந்தத் தரை, எந்தச் சுவர், வெயிலில் காய வைக்கும் மேடை எங்கே என்றுதான் பக்கம் பக்கமாகப் போகின்றன. தற்காலிகக் கடைக்கு மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்: தீப்பற்றாத பொருளால் கட்டிய கொட்டகை, கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டர், பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், ஒன்றையொன்று பார்த்தபடி கடைகள் கூடாது, எண்ணெய் விளக்கோ கேஸ் விளக்கோ கூடாது, ஓரிடத்தில் ஐம்பது கடைக்கு மேல் கூடாது. உராய்வும் வெப்பமும் அளவு மீறிய இருப்பும் உயிரை வாங்குகின்றன. அவை உரிமையாளரின் பழைய வழக்கைப் பார்த்து வருவதில்லை. ஆளின் குணம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வன்முறையாளர் கையில் வெடிபொருள் போகக் கூடாது என்பதற்குத்தான் ஐந்து ஆண்டும், அதற்குப் பிறகும் விசாரணையும். ஆனால் ஆயுள் தடையால் கிடைக்கும் பாதுகாப்பு காகிதத்தில்தான் இருக்கும். தொழில் தெரிந்தவர் தொழிலை விடமாட்டார். உரிமமும் ஆய்வும் இல்லாத தோப்புக்குள் அதைக் கொண்டுபோவார். தாசில்தாரும் தீயணைப்புத் துறையும் போய் அளந்து பார்க்கக்கூடிய கொட்டகை, தென்னந்தோப்பின் மறைவுக் குடிசையைவிட ஊருக்கு நல்லது.

அமெரிக்காவில் கணக்கு வேறு. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் வெடிபொருளை வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. உண்மையில் எவ்வளவு தண்டனை விதித்தார்கள் என்று பார்ப்பதில்லை, எவ்வளவு விதித்திருக்கலாம் என்று பார்க்கிறார்கள். தானாகக் காலாவதி ஆகும் கெடுவும் இல்லை. விலக்கு வேண்டுமென்றால் அதற்கான அமைப்பிடம் தனியாக மனுப் போட வேண்டும். நம் சட்டம் நீதிபதி உண்மையில் எழுதிய தண்டனையைப் பார்க்கிறது, கெடு முடிந்ததும் தடையைத் தானே எடுத்துவிடுகிறது. இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அந்த நாட்டு விதி. டீக்கடைப் பேச்சுக்கும் அதுவே மூலமாக இருந்தால் ஆச்சரியமில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. 6ஏ கெடு முடிந்தாலும் 6சி இருக்கிறதே என்பார்கள். “எந்தக் காரணத்தாலாவது தகுதியற்றவர்” என்று அதிகாரி நம்பக் காரணம் இருந்தால் உரிமத்தை மறுக்க வேண்டும், பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ அவசியம் என்று கருதினாலும் மறுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அப்படியானால் ஐந்து ஆண்டு எண்ணி என்ன பயன்? பயன் இருக்கிறது. 6ஏ-வுக்குள் இருப்பவருக்கு அதிகாரி விரும்பினாலும் உரிமம் கொடுக்க முடியாது. 6சி-க்குள் வருபவர் விஷயத்தில் அவர் யோசித்து முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் சுருக்கமாகவேனும் அதைத் தர வேண்டும். பொதுநலனுக்கு ஆகாது என்றால் மட்டுமே தராமல் இருக்கலாம். ஐந்து ஆண்டு போதும் என்று நாடாளுமன்றம் வரையறுத்த பிறகு, அதே பழைய தண்டனையை மட்டும் காட்டி ஆறாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மறுத்தால், கெடுவை அதிகாரியே நீட்டித்ததாக ஆகும் என்று வாதிடலாம். அதற்கு எதிராக, தண்டனைக்குப் பிறகும் புது வழக்குகள், ரவுடிப் பட்டியலில் பெயர், மிரட்டல் புகார் என்று இருந்தால் மறுப்பு நிற்கும், நிற்கவும் வேண்டும். எனவே விண்ணப்பிக்கும் முன் காவல் நிலையப் பதிவேட்டில் உங்களைப் பற்றி இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். கைவிடப்பட்ட வழக்குக்கு அந்த ஆணை, விடுதலைக்குத் தீர்ப்பு நகல், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அதற்கான கடிதம் கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை ஆய்வாளரின் அறிக்கை ஏற்காது.

மூன்றாவது மறுப்பை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் செய்கிறார்கள். “நாமே ஏன் எழுதிக் கொடுக்கணும்? கேட்டா பார்த்துக்கலாம்.” விண்ணப்பத்தில் முந்தைய தண்டனை, பிணைப்பத்திரம், முன் பெற்ற உரிமத்தின் கதி பற்றிய கேள்விகள் வரும். படிவம் எத்தனை ஆண்டுக்குக் கேட்கிறதோ அத்தனை ஆண்டுக்கும் எழுதுங்கள். உங்கள் தடைக்காலம் முடிந்துவிட்டதால் அந்தக் கேள்வியும் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 6இ பிரிவில், முக்கியத் தகவலை மறைத்தோ தவறாகச் சொல்லியோ வாங்கிய உரிமத்தை ரத்துசெய்யலாம் என்று இருக்கிறது. காலம் முடிந்த ஒரு தண்டனையை எழுதியிருந்தால் அதிகபட்சம் ஒரு விளக்கம் கேட்பார்கள். மறைத்துவிட்டுப் பின்னால் அகப்பட்டால், கையில் உள்ள உரிமமும் போய், மறைத்தவர் என்ற பெயரும் ஒட்டி, அடுத்த விண்ணப்பத்தில் 6சி-யின் “தகுதியற்றவர்” என்ற சொல்லுக்கு நீங்களே சாட்சி கொடுத்ததாக ஆகிவிடும். வேலைக்கான சரிபார்ப்பில் தகவலை மறைத்தவர்கள் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. சில்லறை விஷயத்தை மறைத்ததை நிர்வாகம் மன்னிக்கலாம், ஆனால் சொல்ல வேண்டிய கடமை விண்ணப்பித்தவருடையது என்பதே அதன் சாரம். மன்னிப்பை நம்பிப் பட்டாசுக்கு முதல் போட முடியாது.

மச்சான் பேரில் எடுக்கும் உரிமத்துக்கு வருகிறேன். 6ஏ-வின் இரண்டாம் பகுதியை ஊரில் யாரும் படிப்பதில்லை. தடைக்குள் இருப்பவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அவருக்கு வெடிபொருளை விற்கவும் கொடுக்கவும் அனுப்பவும் எவருக்கும் அனுமதி இல்லை. மச்சானுக்கு அது தெரியாது என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வது? உரிமம் மச்சானுடையது, கொட்டகை மச்சானுடையது, விபத்து நடந்தால் முதலில் கைதாவதும் மச்சான். உரிமம் இல்லாமல் தயாரித்ததாக உங்கள் மீது வரும் வழக்குக்கு 9பி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. வைத்திருந்ததற்கும் விற்றதற்கும் இரண்டு ஆண்டு வரை. உயிர் போயிருந்தால் அதற்கான பிரிவுகள் தனி. சில மாதம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய தடை புதிதாக ஐந்து ஆண்டு நீளவும் கூடும். கூடவே பதிவே இல்லாத ஒருவரின் பெயரும் கெடுகிறது. கூலிக்கு மருந்து இடிப்பவரும் தயாரிப்பவரே என்று அந்தப் பிரிவைப் படிக்க இடம் இருப்பதால், “நான் முதலாளி இல்லை, வேலையாள்தான்” என்பதும் பத்திரமான பதில் அல்ல. உரிமம் வைத்திருப்பவர்களும் ஆள் சேர்க்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

“ஐந்து ஆண்டு சும்மா இருந்தால் கோயில் ஆர்டர் எல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விடுமே” என்பது உண்மையான வருத்தம். அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. செய்யக்கூடியது ஒன்று உண்டு: குடும்பத்தில் தொழில் தெரிந்த, தடையில்லாத ஒருவர் உண்மையாகவே பொறுப்பேற்று நடத்துவது. உரிமம் கேட்பவருக்குத் தொழிலறிவும் அனுபவமும் இருக்க வேண்டும் என்று தயாரிப்பு உரிமத்துக்குச் சட்டமே கேட்கிறது. கணக்கும் கொள்முதலும் கொட்டகைச் சாவியும் அவரிடமே இருக்க வேண்டும். நீங்கள் பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி என்று மருந்து தொடாத வேலையில் இருக்கலாம். சாவி உங்கள் இடுப்பில் தொங்கினால் அது பினாமி.

நாள் கணக்குச் சரியாக வந்துவிட்டது என்றால் ஆவணத்தைச் சேருங்கள். தற்காலிகக் கடைக்கு ஆட்சியர் அலுவலகம் வழக்கமாகக் கேட்பவை இடத்தின் வரைபடம், சொந்த இடமானால் பத்திரமும் வரி ரசீதும், வாடகையானால் ஒப்பந்தம், கட்டணம் செலுத்திய சலான், புகைப்படம். விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக, அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள். தண்டனை பெற்றவர் இவற்றோடு மூன்று தாள்களைத் தானாகவே சேர்க்க வேண்டும்: தீர்ப்பின் சான்றிட்ட நகல், தண்டனை முடிந்த நாளைக் காட்டும் சிறைச் சான்று, அபராத ரசீது. மேலே ஒரு பக்கத்தில் குற்றப் பிரிவு, விதித்த தண்டனை, முடிந்த நாள், ஐந்து ஆண்டு நிறைந்த நாள் ஆகிய நான்கையும் எழுதி, 6ஏ தடை இன்ன தேதியோடு முடிந்துவிட்டது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுங்கள். கோப்பைப் புரட்டும் எழுத்தர் கணக்குப் போட வேண்டியதில்லை. காவல் நிலைய அறிக்கை “தண்டனை பெற்றவர்” என்று வெறுமனே வந்தாலும் பதில் கோப்பிலேயே இருக்கும். புதிய வெடிபொருள் மசோதாவின் வரைவை மத்திய அரசு 2024-இல் முன்வைத்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் ஆணை கேளுங்கள், காரணம் கேட்டு மனுக் கொடுங்கள், மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். 6எஃப் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால் ஆணை கைக்கு வந்த வாரமே வேலையைத் தொடங்க வேண்டும். ஆணையில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 6ஏ என்று எழுதியிருந்தால் சண்டை தேதியைப் பற்றியது. 6சி என்று எழுதியிருந்தால் உங்கள் இன்றைய நடத்தையைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே மனுவை எழுதினால் தோற்பீர்கள். மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காமல் உயர் நீதிமன்றம் போவதானால், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை.